புழுங்கலரிசியும் அரசாணையும்: ஆய்வு கொள்கையாகும் வழி குறித்து ஒரு திறனாய்வு

நலவாழ்வுக் கொள்கைகள் ஆய்வுச் சான்றுகளின் அடிப்படையில் வகுக்கப்பட வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கருத்தாகிவிட்டது. அமைச்சுகளின் திட்ட ஆவணங்களிலும் பல்கலைக்கழகங்களின் ஆய்வுநிதி விண்ணப்பங்களிலும் இக்கருத்து ஏறத்தாழ ஒரே சொற்களில் இடம்பெறுவதைக் காணலாம். மலேசியச் சுகாதார அமைச்சு மருத்துவத் தொழில்நுட்பங்களைச் சான்றுகொண்டு மதிப்பிடுவதற்கென 1995ஆம் ஆண்டிலேயே தனிப்பிரிவு ஒன்றைத் தோற்றுவித்தது. எவரும் மறுக்காத கருத்தே திறனாய்வை வேண்டி நிற்கும் கருத்தாகும். ஆய்வு முன்னே நடக்கிறது, கொள்கை அதன் பின்னே வருகிறது என்னும் எளிய சித்திரம் எந்த அளவுக்கு உண்மையானது? ஆய்வின் எந்தப் பகுதி ஆணையாக மாறுகிறது, எந்தப் பகுதி ஏட்டோடு நின்றுவிடுகிறது? இவ்வினாக்களை நம் மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்வை முன்னிறுத்தி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அந்நிகழ்வு, 1900க்கும் 1912க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மலாயாவில் நடைபெற்ற பெரிபெரி நோய் பற்றிய ஆய்வாகும்.

மருத்துவ வரலாற்றாளர் எழுத வேண்டியதை இந்திய ஆய்வியல் துறையைச் சேர்ந்தோர் எழுதுவானேன் என்னும் ஐயம் எழலாம். இவ்வாய்வின் தலையாய சான்றாக அமைந்தது தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப் பானை. அந்தப் பானையைப் பற்றி ஆங்கில மருத்துவர்கள் எழுதினார்கள்; தமிழில் நாம் எழுதியவை மிகச் சில. எழுதியவற்றிலும் இருவகைப் பிழைகள் மலிந்துள்ளன என்பது என் கருத்து. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

சோறு சான்றானது

பெரிபெரி நோய் கால்களில் மரமரப்பாகத் தொடங்கும். நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், முற்றிய நிலையில் இதயம் செயலிழந்து உயிர் பிரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயலம்பங்களிலும் சிறைகளிலும் மனநோயாளர் காப்பகங்களிலும் இந்நோய் ஆண்டுதோறும் பெருந்தொகையினரைக் கொன்றது. இறந்தோருள் மிகுதியானோர் சீனத் தொழிலாளர். தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்திச் சமைத்த கம்பத்து மலாய்க்காரரிடையே நோய் அரிதாக இருந்தது. தோட்டங்களிலும் சடக்குப் பணிகளிலும் உழைத்த தமிழரிடையேயும் அவ்வாறே. ஒரே வெயில், ஒரே மழை, ஏறத்தாழ ஒரே வறுமை. ஆயினும் ஓர் இனத்தாரைக் கொன்ற நோய் மற்றோர் இனத்தாரைத் தீண்டவில்லை.

இவ்வேறுபாட்டுக்கு விடைகாண முயன்றவர்களுள் முதன்மையானவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன். மக்களின் இனத்தை விடுத்து அவர்கள் உண்ட அரிசியை அவர் நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்கு தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த பெரிபெரி பற்றிய தம் பெருநூலில், நோயின் பரவல் அரிசியின் பரவலோடு ஒத்துச் செல்வதை அவர் விரிவாக எடுத்துரைத்தார்.

புழுங்கலரிசி பற்றித் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை எனினும், அதன் அறிவியலை ஓரிரு தொடர்களில் குறிப்பிடுதல் தகும். நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவது புழுக்கும் முறையாகும். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டுப் படலத்தில் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சுகிறது. பச்சரிசியில் அச்சத்து மேற்படலத்திலேயே தங்கிவிடுவதால், ஆலை தவிட்டை நீக்கும்போது சத்தும் உடன் நீங்கிவிடுகிறது. நம் முன்னோர் நெல்லைப் புழுக்கியது தயமினை அறிந்தன்று. குத்தும்போது அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் பிடிக்காது, சோறு நெடுநேரம் வயிற்றில் தங்கும் என்பனவே அவர்கள் கண்ட பயன்கள். பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசி, அன்றாட உழைப்புக்குப் புழுங்கல் என்னும் பாகுபாட்டில் மருத்துவ நோக்கம் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும்

பிராடனின் கருத்தைச் சோதித்தவர் கோலாலம்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டில் அந்நகரின் மனநோயாளர் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அங்கிருந்த நோயாளிகள் அனைவரும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் முற்றத்தின் ஒருபுறக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டு, வழக்கமான சயாம் அரிசியையே பெற்றனர். இரட்டைப்படை எண் பெற்றவர்கள் எதிர்ப்புறத்தில் இருந்த அதே அமைப்புடைய கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டு, இந்தியப் புழுங்கலரிசியைப் பெற்றனர். ஏனைய உணவுகளில் வேறுபாடு இல்லை. சோதனை 1906ஆம் ஆண்டு இறுதிவரை நீடித்தது. புழுங்கலரிசி உண்டோருள் நோயுற்றவர் இருவரே. அவர்களும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. சயாம் அரிசி உண்டோருள் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். இவ்வறிக்கை 1907ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வின்போது, வேறொரு பொருளைத் தேடச் சென்ற அயல்நாட்டு நூலகம் ஒன்றில் இவ்வறிக்கையை முதன்முதலாகப் படிக்க நேர்ந்தது. இலக்கிய மாணவன் என்ற முறையில் அன்று என் கவனத்தை ஈர்த்தது முடிவன்று, நடை. வரிசையில் நின்றவர்கள் எண்களாக மாறும் அந்த இடத்தில் உரைநடை சிறிதும் தடுமாறவில்லை. மருத்துவ வரலாற்றாளர்கள் இதனை இன்றைய சமவாய்ப்புச் சோதனை முறையின் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றுகின்றனர். அப்போற்றுதல் தகுதியானதே. ஒருவருக்கு எந்த அரிசி என்பதை மருத்துவரின் விருப்பு வெறுப்பு முடிவுசெய்யவில்லை. வரிசையில் அவர் நின்ற இடமே முடிவுசெய்தது. சான்றின் வலிமை அதில்தான் அடங்கியுள்ளது. அதே வரிசைதான் யார் இறப்பார் என்பதையும் பெரிதும் முடிவுசெய்தது. இசைவு கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. கேட்டாலும் மறுக்கும் நிலையில் காப்பகத்தார் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாத பாராட்டு அரைகுறைப் பாராட்டாகும்.

அறிக்கையின் சொல்லாட்சி ஒன்றும் நோக்கத்தக்கது. புழுங்கலரிசியை அக்கால ஆங்கில மருத்துவர்கள் 'கியூர்டு ரைஸ்' என்று குறித்தனர். பதப்படுத்தப்பட்ட அரிசி என்பதே பொருள். ஆயினும் அதே சொல்லுக்குக் குணமாக்கப்பட்ட என்னும் பொருளும் உண்டு. நோய் தீர்க்கும் அரிசிக்கு இப்பெயர் அமைந்தது தற்செயலே. ஆனால் அப்பெயருள் ஊறவைத்தவள், அவித்தவள், உலர்த்தியவள், குத்தியவள் எவரும் இல்லை. புழுக்குதல் என்னும் தமிழ்ச் சொல்லில் ஆவியும் வியர்வையும் இருக்கின்றன. 'இந்திய அரிசி', 'வங்காள அரிசி' என்று சரக்கின் பெயராக அது மாறும்போது, ஒரு செய்முறை அறிவு மூட்டை அடையாளமாகச் சுருங்கிவிடுகிறது.

பிளெட்சர் தம் முடிவை மிகுந்த எச்சரிக்கையோடு எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். தீட்டிய அரிசியே நோய்க்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணம் என்று கூறிய அவர், அது எவ்வாறு என்பதற்கு மூன்று வாய்ப்புகளைத் திறந்துவைத்தார். அரிசியில் நஞ்சு இருக்கலாம், சத்துக்குறைவு இருக்கலாம், குறைவான உணவால் தளர்ந்த உடலை வேறொரு கிருமி தாக்கலாம். இந்த அடக்கம் பின்வந்த பல ஆய்வறிக்கைகளில் காணப்படாதது.

புள்ளி நான்கு

அடுத்த படியை எடுத்துவைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஆவர். 1907ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலான் காட்டுப்பகுதியில் சடக்குப் போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெள்ளையரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் வழங்கினர். வெள்ளையரிசிக் குழுவில் சில மாதங்களில் நோய் தோன்றியதும் அவ்வரிசி நிறுத்தப்பட்டது, நோயும் நின்றது. பின்னர் அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. இடம், தொற்று, இனம் ஆகிய மூன்று விளக்கங்களும் இச்சோதனையால் வலுவிழந்தன.

ஆயினும் கொள்கை வரலாற்றில் இவ்விருவரின் முதன்மைப் பங்களிப்பு வேறொன்று என்பேன். எந்த அரிசி ஆபத்தானது என்பதைச் சரக்கைப் பார்த்தே கண்டறிய அவர்கள் ஓர் அளவுகோலை வகுத்தனர். அரிசியில் பாஸ்பரஸ் உயிரகையின் அளவு நூற்றுக்கு 0.4க்குக் குறைந்தால், அவ்வரிசியை முதன்மை உணவாகக் கொள்வது தீங்கு பயக்கும் என்பது அவர்களது வரையறை. பாஸ்பரஸ் குறைவதால் பெரிபெரி வருவதில்லை என்பதை இன்று நாம் அறிவோம். தவிடு நீங்கும்போது பாஸ்பரசும் குறைகிறது, தயமினும் குறைகிறது. ஒன்று மற்றொன்றின் நிழல். நிழலை அளந்தே பொருளைக் கண்டுகொண்டனர். 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய கீழைநாட்டு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, வெள்ளையரிசியைத் தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பைத் தீர்மானமாகவே ஏற்றுக்கொண்டது. காசிமிர் பங்க் 'வைட்டமின்' என்னும் சொல்லை உருவாக்கியது அதற்குப் பின்னர், 1912ஆம் ஆண்டில். தயமினைத் தனியே பிரித்தெடுத்தது 1926ஆம் ஆண்டில். காரணம் தெரிவதற்கு ஒன்றரைப் பதிற்றாண்டுக்கு முன்பே கொள்கைக்குப் போதுமான சான்று கிடைத்துவிட்டது.

பிழையான காரணம், சரியான ஆணை

இவ்விடத்தில் ஒரு முரணைச் சற்று விரித்துக் கூற வேண்டும். பிராடன் அரிசியைச் சரியாகக் குறிவைத்தார். ஆனால் பழைய அரிசியில் வளரும் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று நம்பினார். அது பிழை. ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி 1880களில் மாலுமிகளின் உணவை மாற்றியே கடற்படையிலிருந்து இந்நோயை ஏறத்தாழ ஒழித்துவிட்டார். ஆனால் புரதக் குறைவே காரணம் என்று எண்ணினார். அதுவும் பிழை. மறுபுறம், மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் அக்காலத்தின் மிகப் புதிய அறிவியலான கிருமியியலைத் துணைக்கொண்டு, பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்று முடிவுகட்டினார். 1900ஆம் ஆண்டில் இந்நாட்டு நோய்களை ஆராய்வதற்கென்றே நிறுவப்பட்ட கழகத்தின் பெயரோடு வந்த கருத்து அது. அரிசியைப் பற்றிய கருத்தோ அரசு மருத்துவர் ஒருவரின் கருத்து. எதற்கு முதலில் மதிப்புக் கிடைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஜப்பானில் நிகழ்ந்தது இதனினும் துயரமானது. கடற்படை உணவை மாற்றிய பின்னும் தரைப்படையின் மருத்துவத் தலைமை அதனை ஏற்கவில்லை. 1904, 1905ஆம் ஆண்டுகளின் ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படை வீரர் பல்லாயிரவர் பெரிபெரியால் மடிந்தனர். உணவுக் கோட்பாட்டை எதிர்த்த படை மருத்துவர்களுள் ஒருவர் மோரி ரிந்தாரோ. இலக்கிய உலகம் அவரை மோரி ஓகாய் என்ற பெயரில் அறியும். நவீன ஜப்பானிய உரைநடையைச் செதுக்கியவர்களுள் ஒருவர். ஜெர்மனியில் பயின்ற நுண்ணறிவாளர், சொல்லின் நுட்பம் அறிந்தவர். கண்முன் கடற்படையில் நோய் மறைந்ததைப் பார்த்த பின்னும், ஏன் என்பது விளக்கப்படாத வரை ஏற்பதற்கில்லை என்னும் நிலையில் நின்றார். அயல்நாட்டில் பட்டம் பெற்றுத் திரும்பிய எவருக்கும், என்னையும் சேர்த்தே சொல்கிறேன், இந்தச் செய்தி உறுத்தலைத் தர வேண்டும்.

சான்றின் உயர்வை முறையியலின் புதுமையைக் கொண்டு அளப்பது எவ்வளவு இடர் மிகுந்தது என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள். பத்தாவியாவில் எய்க்மன் வளர்த்த கோழிகள் நோயுற்றதும் தேறியதும்கூடச் சமையலறை ஒன்றின் மாற்றத்தால் வெளிப்பட்டவையே. படை மருத்துவமனையில் எஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் நடை தளர்ந்தன. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரருக்குரிய சோற்றைக் குடிமைக் கோழிகளுக்குத் தர மறுத்தார், கோழிகள் தேறின. எய்க்மனே தம் நோபல் உரையில் குறிப்பிட்ட செய்தி இது. பரிசு 1929ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. சமையற்காரரின் பெயர் நமக்கு வந்துசேரவில்லை.

அரசின் அடுக்களை

சான்று கிடைத்தது, அளவுகோல் கிடைத்தது, மாநாட்டுத் தீர்மானமும் கிடைத்தது. கொள்கை எங்கே நடைமுறைக்கு வந்தது? சிறை, மருத்துவமனை, காப்பகம் என அரசே அரிசி வாங்கி அரசே சமைத்த இடங்களில் மாற்றம் எளிதில் வந்தது. பிலிப்பைன்சில் 1910ஆம் ஆண்டில் ஆளுநர் பிறப்பித்த ஆணையும் அரசு நிறுவனங்களில் தீட்டிய அரிசியைத் தடைசெய்வதோடு நின்றது. அங்கே வெள்ளையரிசிக்கு வரி விதித்து அதன் பயன்பாட்டைக் குறைக்க எடுக்கப்பட்ட முயற்சி வெற்றிபெறவில்லை. மலாயாவிலும் சந்தைக்கு வந்த வெள்ளையரிசியை எந்த ஆணையும் தடுத்து நிறுத்தவில்லை. ஆலைகள் சயாமிலும் பர்மாவிலும் இருந்தன. வணிகம் எல்லை கடந்தது. வெள்ளைச் சோறு உயர்வின் அடையாளமாகக் கருதப்பட்டது. புழுங்கலின் வாடை பலருக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ஆய்வு கொள்கையாக மாறியது சான்றின் வலிமையால் மட்டுமன்று. அடுக்களை யாருடையது என்பதே எல்லையை வகுத்தது. ஈயலம்பத் தொழிலாளியும் சிறைக்கைதியும் ஒரே நோயால் இறந்தவர்கள். ஆய்வு இருவருக்கும் ஒரே விடையைத்தான் தந்தது. கைதியின் அரிசி மாறியது.

மலேரியாவிலும் இதன் சாயலைக் காணலாம். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட வடிகால் பணி விரைந்து ஆதரவு பெற்றது. புதிய துறைமுகம் காய்ச்சலால் மூடப்படும் நிலையில் இருந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை அழித்துத் தெளிந்த ஓடைகளை வெயிலில் திறந்துவிட்டதே வேறொரு வகைக் கொசுவைப் பெருக்கியது என்பதை அவரே கண்டறிந்தார். அத்தோட்ட லயங்களில் இறந்துகொண்டிருந்த தமிழருக்கு அக்கண்டுபிடிப்பின் பயன் வந்துசேரக் கூடுதல் காலம் பிடித்தது. இது தனிக்கட்டுரைக்கு உரிய பொருள்.

நம் பக்கத்துப் பிழைகள்

தமிழில் இவ்வரலாறு பேசப்படும்போது நேரும் பிழைகள் இரண்டு என்று மேலே குறிப்பிட்டேன். ஒன்று, குடியேற்ற ஆட்சிக்கால மருத்துவர்களை இருளில் விளக்கேற்ற வந்தவர்களாகப் பாடுவது. இது பாடநூல் நடை; இதன் குறை வெளிப்படையானது. மற்றொன்று அதனினும் நுட்பமானது. மேடைகளில் கைத்தட்டல் பெறுவது. தமிழர் ஆயிரமாண்டுக்கு முன்பே உயிர்ச்சத்தை அறிந்திருந்தனர், அதனாலேயே நெல்லைப் புழுக்கினர் என்பது அவ்வாதம். ஆசிரியர் பயிற்சி அரங்குகளிலும் இதனைக் கேட்டிருக்கிறேன்.

இவ்வாதத்தை மறுக்க அறிவியல் நூல் தேவையில்லை. நம் வரலாறே போதும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஜப்பானியப் படை கொடுத்த அரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, புண் ஆகியவற்றோடு பெரிபெரியும் அவர்களைத் தாக்கியது. சாங்கி முகாமில் வெள்ளையரிசி உண்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளை அதே நோய் தாக்கியதைப் போலவேதான். தமிழரைக் காத்தது தமிழ்க் குருதியன்று, தமிழ் மூளையுமன்று; ஒரு பானை. பானை பறிக்கப்பட்டபோது காப்பும் பறிபோனது. வழக்கத்தை அறிவியலாக உயர்த்திப் பேசுவது பெருமையாகத் தோன்றலாம். அதனால் மறைக்கப்படுவது, அவ்வழக்கம் எந்தப் பொருளியல் நிலையில் நிலைத்தது, எந்த நிலையில் குலைந்தது என்னும் வினா.

மீண்டும் அரிசி

நூறாண்டு கழித்து அரிசி மீண்டும் ஆய்வாளரின் மேசைக்கு வந்துள்ளது. இம்முறை நோய் நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. சிங்கப்பூர் அரசு 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. மறு ஆண்டின் தேசிய நாள் பேரணி உரையில், 60 வயதைக் கடந்த இந்தியருள் பத்தில் அறுவருக்கு நீரிழிவு உள்ளது என்று பிரதமர் லீ சியன் லூங் குறிப்பிட்டார். வெள்ளையரிசியைக் குறைக்கும் அறிவுரையும் உடன் வந்தது.

பிராடன் காலத்துக் கணக்கில் 'தமிழர்' என்னும் பத்தி நலமுடையோரின் பத்தி. இன்றைய அட்டவணையில் 'இந்தியர்' என்னும் பத்தி நோயுடையோரின் பத்தி. பிராடன் இனத்தின் பெயரைப் படித்துவிட்டு அதனைத் தாண்டி அரிசி மூட்டையைத் தேடிச் சென்றார். இன்று நாளிதழ்ச் செய்திகளும் நம் பொதுப்பேச்சும் பத்தியின் தலைப்போடு நின்றுவிடுகின்றன. இந்தியருக்கு நீரிழிவு வருவது இயல்பு என்னும் தொடரை மருத்துவர்களும் சொல்கிறார்கள், நோயாளிகளும் சொல்கிறார்கள். மரபணுவின் பங்கை நான் மறுக்கவில்லை. அதனைப் பற்றிப் பேசும் தகுதியும் எனக்கில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு நகர்ப்புற அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பம், இரண்டு வேலை பார்க்கும் தாய், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கிடைக்கும் உணவு ஆகியவற்றை அந்தப் பத்தி காட்டாது. ஆய்வு அவற்றையும் அளந்திருக்கலாம். ஆணையாளரின் மேசைக்கு வந்துசேர்வது பெரும்பாலும் விழுக்காடே.

ஆணையாக மாறியது எது என்று பார்த்தால் பழைய பாங்கே தெரிகிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட ஆலைத் தயாரிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. அன்றைய 0.4 போலவே இன்று 5 கிராம். அளக்கக்கூடிய ஓர் எண்ணும், அரசின் கை எட்டும் ஓர் ஆலை வாயிலும் கிடைத்த இடத்தில் ஆய்வு ஆணையாயிற்று. கடையில் ஆற்றித் தரும் தே தாரேக்கை அவ்வரி எட்டவில்லை. வீட்டுச் சோற்றுக்கு வந்தது துண்டறிக்கை. எண்ணாக மாற்ற முடியாதவை கொள்கையாக மாறுவதில்லை என்பது குறையே. எனினும் ஒன்றும் செய்யாதிருப்பதைவிட ஐந்து கிராம் மேலானது என்றே கருதுகிறேன்; மோரி ஓகாயின் நிலையில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

அத்துண்டறிக்கைகளின் தமிழைப் பற்றி மட்டும் ஒரு சொல். அண்மையில் என் கைக்கு வந்த ஒன்றில், வெள்ளையரிசிக்கு மாற்றாகப் 'பழுப்பு அரிசி' உண்ணுமாறு கூறப்பட்டிருந்தது. ஆங்கிலத் தொடரின் நேர்ப்பெயர்ப்பு. கைக்குத்தல் அரிசி என்னும் சொல் நம்மிடம் இருந்ததை மொழிபெயர்த்தவர் அறியவில்லை போலும். அப்பெயரைப் படித்தால் ஒரு பாட்டிக்குத் தம் இளமைக் கால உரலும் உலக்கையும் நினைவுக்கு வரும். பழுப்பு அரிசியோ பேரங்காடியில் விலையுயர்ந்த அடுக்கில் வேறு யாருக்கோ வைக்கப்பட்ட பொருளாகத் தோன்றும். கொள்கையின் கடைசி முழம் மொழியால் ஆனது. அங்கே தமிழாசிரியருக்கு வேலை இருக்கிறது.

இதனை மனத்தில் கொண்டு, சென்ற பருவத்தில் இளங்கலை மாணவர்களிடம் ஒரு சிறு பணியை ஒப்படைத்தேன். தத்தம் வீட்டு முதியவரிடம், தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் எந்த அரிசி சமைத்தீர்கள், ஏன் என்று கேட்டு எழுதிவர வேண்டும். புழுங்கலின் பெருமை, முன்னோர் அறிவு, உடல்வலிமை என்றெல்லாம் விடைகள் வரும் என்று மாணவர்கள் எதிர்பார்த்தனர், நானுந்தான். மாணவி ஒருவர் தம் பாட்டி சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார்: "என்னா அரிசின்னு யாரு கேட்டா? தொரை போட்டத ஆக்குனோம். சம்பளத்துல புடிச்சிக்கிட்டாங்க."